வீட்டுக்காரி வீட்டில் இல்லை

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒற்றை அறையில் ஒண்டியிருந்த தவநாயகியும் யோகராஜாவும் எண்பத்தெட்டில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார்கள். வால்தம்ஸ்டோவுக்கும் அப்பால், வெள்ளைக்காரர் மட்டுமே குடியிருந்த வீதி. வந்த கிழமையே கதவின் கடிதத் துவாரத்துக்குள்ளால் யாரோ நாய்ப்பீயைப் போட்டிருந்தார்கள். தவநாயகி கழுவினாள். புருஷனுக்குச் சொல்லவில்லை.

பிறகு வீட்டுக் கடனுக்கு வட்டி ஏறியது. யோகராஜா வேலை செய்த பாண் சுடும் ஃபாக்டரியை மூடினார்கள். கிடைத்த சில்லறை வேலைகள் தவணைக்குப் போதவில்லை. கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள்; அது முடிவதற்குள் விற்காவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வார்கள். பார்க்க வந்தவர்களோ கதவு திறந்த முகத்தைக் கண்டதும் உள்ளே வராமலே திரும்பினார்கள்.

வீடு விற்கும் ஏஜென்ட் அன்பாகத்தான் சொன்னான்: "சாமிப் படங்களைக் கழற்றுங்கள். கறி சமைக்காதீர்கள். ஆட்கள் வரும்போது நீங்கள் வெளியே போய்விடுவது நல்லது."

சொன்னபடியே செய்தார்கள். ஒரு வெள்ளைக்காரிக்கு வீடு பிடித்துப்போனது.

அடுத்த கிழமை அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணியடித்தாள். தவநாயகி தரை துடைத்த ஈரக்கையோடு திறந்தாள்.

"வீட்டுக்காரி இல்லையா?"

தவநாயகி கையை உடுப்பில் துடைத்தாள். "இல்லை. நான் துப்புரவுக்கு வந்தனான்" என்று தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னாள்.

வந்தவள் திரைச்சீலைக்கு யன்னல்களை அளந்தாள். நாடாவின் மறுநுனியைத் தவநாயகி பிடித்தாள்.

"உன்னைச் சொல்லவில்லை. ஆனால் இந்த வீதியாவது இன்னும் சுத்தமாக இருக்கிறது" என்றாள் அவள். "நான் குடிவந்த பிறகும் நீ வரலாம்."

தவநாயகி நன்றி சொன்னாள்.

அப்போது யோகராஜா திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தான்.

"ஒண்டும் கதையாதேங்கோ. பின்பக்கத்தாலை போங்கோ" என்றாள் தவநாயகி, தமிழில்.

"என்ரை வீட்டிலை நான் ஏன் பின்பக்கத்தாலை போகவேணும்?"

அவன் வெள்ளைக்காரியிடம் கையை நீட்டி, தானே வீட்டுக்காரன், இவள் தன் மனைவி என்றான். அவள் அந்தக் கையைத் தொடவில்லை. நாடாவைச் சுருட்டினாள். "பொய்க்காரி" என்று தவநாயகியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே ஏஜென்ட் கூப்பிட்டு, அவள் வாங்கவில்லையாம் என்றான்.

அதுவரை கைநீட்டாத யோகராஜா அன்றைக்கு அடித்தான்.

"வெள்ளைக்காரிக்கு வேலைக்காரியா நிண்டனியோ?"

"வீட்டை வித்து மிஞ்சுற காசாவது வரட்டுமெண்டுதான்..."

அவன் முடிக்க விடவில்லை.

மாரியில் வீட்டை எடுக்க ஆட்கள் வந்தார்கள். பூட்டு மாற்றியவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மழைக்குள் பெட்டிகளோடு நின்ற இரண்டு பேரையும் அவள் பார்க்கவில்லை.

யோகராஜா சவுத்தாலில் சிநேகிதன் ஒருவனோடு போய்த் தங்கினான். தவநாயகியைக் கூப்பிடவில்லை. கவுன்சில் கொடுத்த அறையில் அவள் தனியே இருந்தாள். ஏலத்தில் வீடு அடிமாட்டு விலைக்குப் போனது. மிச்சக் கடனுக்கு அவளையும் துரத்தினார்கள்.

சில வருஷத்துக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ அவளை விசாரித்தார்கள்.

"அவளோ? அவள் வேலைக்காரியா இருக்கத்தான் லாயக்கு" என்றான் யோகராஜா.

பின்வரிசையில் தவநாயகி இருந்தாள். சோற்றைக் குனிந்து சாப்பிட்டு முடித்து, கைகழுவி, பஸ் பிடித்து அறைக்குப் போனாள்.