துரை ஏழையானார்

அந்தச் சந்தில் அவருக்குத் துரை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. துரை என்றதும் பங்களாவும் வேட்டைநாயும் வைத்திருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பெரிய முதலாளியிடம் கார் ஓட்டுகிறவர். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு, அதுவும் வாடகைக்கு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த அறையில் அவரும் மனைவியும்தான். அவர்களோடு முதலாளி வீட்டில் உயிரை விட்ட சாமான்கள் அத்தனையும் குடியிருந்தன.

முதலாளி ரொம்ப நல்லவர் என்று துரை சொல்வார். நல்லவர்தான், யார் இல்லையென்றது? அவர் வீட்டில் எது பழுதானாலும் குப்பைக்குப் போகாது, துரைக்கு வரும். குப்பைக்காரனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். துரைக்குக் கொடுத்தால் கூலியும் மிச்சம், புண்ணியமும் லாபம். அப்படித்தான் குளிராத ஃபிரிட்ஜ் ஒன்று வந்தது. துரையின் மனைவி அதில் புடவைகளை மடித்து அடுக்கினாள், கீழ்த்தட்டில் வெங்காயம் போட்டாள். சுற்றாத வாஷிங் மெஷின் வந்தது. அதில் அரிசி கொட்டினாள், எலித் தொல்லை விட்டது. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய டிவி வந்தது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று அவளுக்கே புரியவில்லை. காரை பெயர்ந்த இடத்தை மறைக்க மாட்டினார்கள்.

கடைசியாக வந்ததுதான் சோபா. யானை படுத்திருப்பதுபோல் ஒரு தோல் சோபா. வாசல் வழியாக நுழையவே நுழையாது என்றார்கள். துரை விடுவாரா? அந்த வாரம் வீட்டுக்காரர் கூரைத் தகரம் மாற்றிக்கொண்டிருந்தார். கூரை திறந்து கிடந்த நேரம் பார்த்து, ஆட்களைச் சேர்த்துக் கயிறு கட்டி, வானத்திலிருந்து இறக்கிவிட்டார். அதன் பிறகு கதவு பாதிதான் திறந்தது. உள்ளே போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

துரையிடம் ஒரே கெட்ட பழக்கம். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வாய் உண்டு. காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "நேத்து நம்ம டிவியில ஒரு தொடர் பாத்தோம், அடேயப்பா" என்பார். முதலாளியின் பழைய சட்டையை எதிரில் நிற்பவன் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நெருங்கி நின்று பேசுவார். பக்கத்து வீட்டுத் தையல்காரிதான் அந்தச் சட்டைகளை எல்லாம் பிடித்துக் கொடுப்பவள். ஒரு துரைக்கு இரண்டு துரை புகலாம் என்கிற அளவில் வரும் சட்டை அது. அவளிடமே போய், "எனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு பாத்தியா தங்கச்சி" என்பார். அவளும் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு தலையாட்டுவாள்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஒருநாள், தான் ஏழை என்று நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது.

மனைவிக்குப் பித்தப்பையில் கல். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளக்கிறவன் என்று கடவுளைச் சொல்வார்களே, அந்த மகானுபாவன் இவளுக்குக் கல்லையே அளந்துவிட்டான். ராத்திரி பகல் பாராமல் வலி. வலி வந்தால் சோபாவின் மூலையில் சுருண்டு, விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், இனியும் தள்ளிப்போட்டால் சீழ் பிடித்து உயிருக்கே உலை வைத்துவிடும் என்றார். ஏழை என்று சான்றிதழ் இருந்தால் அறுவை சிகிச்சை இலவசம். இல்லாவிட்டால் எவ்வளவு என்று துரை கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

முதலாளியிடம் சொன்னார். முதலாளி மிகவும் வருத்தப்பட்டார். மறுநாளே, "பாவம், வசதியாப் படுக்கட்டும்" என்று ஒரு பழைய மெத்தையைக் கொடுத்தனுப்பினார். போட இடமில்லாமல் அதைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். பாதி ஜன்னல் போயிற்று.

ஆக, சான்றிதழ் ஒன்றுதான் வழி. ஆனால் நான் ஏழை என்று ஒருவன் சொன்னால் நம்பிவிடுவார்களா? பணக்காரன் தன்னைப் பணக்காரன் என்று சொன்னால் நாற்காலி போடுவார்கள். ஏழை சொன்னால் வீட்டைச் சோதிக்க ஆள் வரும். இல்லாதவனுக்கு இல்லாமையைக்கூடத் தாங்கிவிடலாம், அதைப் பார்வையிட வருகிறவர்களைத்தான் தாங்க முடியாது.

அந்தச் சந்துக்கு இது புதிதல்ல. விசாரணைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால், அந்த வீட்டிலுள்ள உருப்படியான சாமான் எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீட்டின் முறை வரும்போது இங்கே வரும். அங்கே ஒவ்வொரு மிக்ஸியும் எல்லா வீட்டிலும் விருந்தாடியிருக்கிறது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வெளியாள் யார் வந்து விசாரித்தாலும், பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கேட்டவர் வசூல்காரரோ, பெண் பார்க்க வந்தவரோ, போலீஸோ, யாராயிருந்தாலும் "தங்கமான குடும்பங்க, ஒரு குறையும் கிடையாது" என்பதுதான் பதில்.

அதிகாரி வருகிற அன்று காலையிலேயே நாலு வீடு தள்ளியிருக்கும் பெயின்டர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சாமான் தூக்க வந்துவிட்டான். ஒருக்களித்து உள்ளே நுழைந்தவன் சோபாவின் முன் நின்று கன்னத்தைச் சொறிந்தான்.

"அண்ணே, இது எப்படிண்ணே உள்ள வந்துச்சு?"

"மேல இருந்து."

"சாமி குடுத்ததா?"

"கிண்டலா? கூரை மாத்தினப்ப இறக்கினோம்டா."

"அப்ப மறுபடி கூரையைப் பிரிச்சாத்தான் வெளிய போகும்."

"பிரிச்சா வீட்டுக்காரன் என்னைப் பிரிச்சிடுவான். அதை விடு, ஃபிரிட்ஜைத் தூக்கு."

"எப்படித் தூக்க? இது நகர்ந்தாத்தானே அது வரும்."

உண்மைதான். ஃபிரிட்ஜ், மெஷின், மெத்தை, எல்லாவற்றுக்கும் முன்னால் சோபா அணை கட்டியதுபோல் கிடந்தது. வந்த வழி தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்ட பணக்காரத்தனம். துரை பெருமூச்சு விட்டு, தன் உடம்பையாவது ஏழையாக்கலாம் என்று சட்டையைத் தேடினார். நல்ல சட்டை இல்லாமல் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவரிடம் கிழிந்த சட்டை என்று ஒன்றுகூட இல்லை. கடைசியில் பெயின்டரிடமே ஒரு சட்டை கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார். தோளெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது.

"இப்ப எப்படிடா இருக்கேன்?"

"பெயின்ட் கம்பெனி ஓனர் மாதிரி இருக்கீங்க. முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போடுங்கண்ணே."

அதிகாரி சின்ன வயதுப் பெண். வெயிலில் பல சந்துகள் ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது. கதவிடுக்கில் பையையும் தன்னையும் தனித்தனியாக நுழைத்து உள்ளே வந்தார். வாசலில் தையல்காரி, பெயின்டர், இன்னும் பாதிச் சந்து கூடிவிட்டது. அதிகாரி சோபாவைத் தடவிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

முதலாளி தூக்கிப் போட்டது மேடம் என்று சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டு மனப்பாடம் செய்த பதில் அது. ஆனால் வாசலில் நிற்கிற தலைகளைப் பார்த்ததும் நாக்கு பழக்கதோஷத்தில் தன் வழியே போய்விட்டது.

"அசல் தோல் மேடம். வெளிநாட்டுச் சரக்கு."

"டிவி?"

"அம்பத்தஞ்சு இஞ்ச்."

"ஓடுதா?"

"சினிமாக் கொட்டகை தோத்துப்போகும் மேடம்."

வெளியே பெயின்டர் தலையில் அடித்துக்கொண்டான். துரைக்குத் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாயை மூட முடியவில்லை. தன் வாயால் கெடுமாம் தவளை என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். "நல்லா வசதியாத்தானே இருக்கீங்க. நிஜமாவே இல்லாதவங்க எவ்வளவு பேர் காத்திருக்காங்க தெரியுமா?"

துரை மனைவியைப் பார்த்தார். அவள் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதுவும் வேலை செய்யாது மேடம் என்றால் முடிந்தது. சோபா மூலையில் சுருண்டிருந்தவள் விலாவில் கையை அழுத்தியபடி எழுந்து உட்கார்ந்தாள்.

"பரவால்ல மேடம். அவரு சொல்றது சரிதான். வைத்தியத்தை நாங்களே பாத்துக்கிறோம். வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

துரைக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி மகள், சாகத் துணிந்துவிட்டாளே. எதற்காக? சந்தில் நாலு பேர் முன்னால் புருஷனின் வாய்ப்பந்தல் சரியக் கூடாது என்பதற்காக. இத்தனை வருடம் அவர் அளந்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டவள், இப்போது உயிரையே முட்டுக் கொடுக்கிறாள்.

"மேடம், நில்லுங்க."

சோபாவின் மேலேயே ஏறி அந்தப் பக்கம் குதித்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார். புடவைகளும் உள்பாவாடைகளும் வெங்காயமும் சேர்ந்து கொட்டின. வாஷிங் மெஷினின் மூடியைத் தூக்கினார். கை நிறைய அரிசியை அள்ளிக் காட்டினார். டிவியின் பித்தானை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார்.

"எதுவும் வேலை செய்யாது மேடம். எல்லாம் மொதலாளி வேண்டாம்னு போட்டது. நான் சொன்னதெல்லாம் பொய்." பித்தானை விட்டுவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "நாங்க ஏழைங்க மேடம்."

அந்த வார்த்தையை அவர் தன்னைக் குறித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாந்தி எடுத்து முடித்தவர்போல நின்றார்.

அதிகாரி அசையவில்லை. "ஆள் வருதுன்னு தெரிஞ்சா எல்லாரும் இப்படித்தான் ஏதாவது பண்ணி வைக்கிறீங்க. போன வீட்ல கட்டிலுக்கடியில ரெண்டு மிக்ஸி இருந்துச்சு. நான் எதை நம்பறது? பக்கத்துல இருக்கறவங்க யாராவது சொல்லட்டும்."

எல்லோரும் தையல்காரியைப் பார்த்தார்கள். அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு, சந்தின் சட்டப்படி சொன்னாள்.

"அண்ணனுக்கு என்ன மேடம் குறை? தங்கமான குடும்பம். ராஜா மாதிரி இருக்காரு."

"அடிப்பாவி, என் மானத்தைக் காப்பாத்தறேன்னு இவ உயிரை வாங்காதே. இவளைப் பாரு தங்கச்சி. பாத்துட்டுச் சொல்லு."

தையல்காரி பார்த்தாள். பார்த்த பிறகு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தினம் சாயங்காலம் இந்த டிவி முன்னாடி ரெண்டு பேரும் தலை சீவிட்டு உக்காந்திருப்பாங்க மேடம். இது ஓடாது. கேக்கறது என் வீட்டு டிவி சத்தம். நடுவுல இந்த ஒத்தச் சுவருதானே. நான் மெஷின் மிதிக்கிறதுல எனக்கே சரியாக் கேக்காது, ஆனா அக்காவுக்குக் கேக்கட்டும்னு கூட்டி வைப்பேன். மறுநாள் இவரு எங்கிட்டயே வந்து அந்தக் கதையைச் சொல்வாரு. அதையாவது ஒழுங்காச் சொல்வாரா? படம் பாக்காம காதால கேட்டா எப்படித் தெரியும்? கொலை பண்ணினது யாருன்னே மாத்தி மாத்திச் சொல்வாரு. நானும் ஆமாண்ணேன்னு கேட்டுக்குவேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால் தேவலை என்றிருந்தது துரைக்கு. அதிகாரி கொஞ்ச நேரம் அந்த டிவியின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் சோபாவும் சோபாவில் இருந்தவளும் மங்கலாகத் தெரிந்தார்கள். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். அரசாங்கக் கணக்கில் துரை ஏழையானது அந்த நிமிடத்தில்தான். அதுவரை அவர் என்னவாக இருந்தார் என்று அரசாங்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் மனைவி கீழே கிடந்த புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"சந்தோஷமா உனக்கு?" என்றார் துரை.

"எதுக்கு சந்தோஷம்? தலை சீவிட்டு உக்காந்திருந்தது வரைக்கும் சந்திக்கு வந்தாச்சு. கல்லோடயே இருந்திருப்பேன்."

"இருந்திருக்க மாட்டே. செத்திருப்பே. நீ போயிட்டா நான் எவ கூட உக்காந்து அந்தச் சுவரைக் கேக்கறது?"

 அவள் கையிலிருந்த புடவையை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இலவச வார்டில் தரையில்தான் இடம் கிடைத்தது என்றாலும், கத்தி வைத்தவர் கைராசிக்காரர். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைத் துரையின் கையில் கொடுத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் அந்தக் கல்.

மனைவியைச் சோபாவில் படுக்க வைத்த கையோடு துரை வாசலுக்கு வந்துவிட்டார். வெளிச்சத்தில் புட்டியை ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

"எவ்வளவு பெருசு பாத்தியா தங்கச்சி? டாக்டரே அசந்துட்டாரு. இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கல்லு பாத்ததில்லைங்கறாரு."

கல்லை எடுத்த டாக்டர் அவரிடம் பேசவே இல்லை. தையல்காரி ஊசியை வாயில் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

"கருமம், தூக்கிப் போடுங்கண்ணே," என்றான் பெயின்டர். "எதையெல்லாம் வீட்டுல சேக்கறதுன்னு இல்லையா?"

"தூக்கிப் போடறதா?" துரைக்குக் கோபம் வந்துவிட்டது. "டேய், இந்த வீட்டுல எவனும் குடுக்காம நாங்களாச் சம்பாதிச்சது இது ஒண்ணுதாண்டா."

உள்ளே சோபாவில் துரையின் மனைவி வயிற்றுக் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"ஏங்க, பேசாம இருங்களேன். சிரிச்சா தையல் விட்டுடும்."