இடது தோளில் வைத்த துப்பாக்கி

நயா பைசா வந்த புதுசு. கடலைக்காட்டில் காட்டுப்பன்னி அட்டகாசம் தாங்காமல், புது ரைபிள் எடுக்க வீட்டுக்காரரோடு நானும் திண்டுக்கல் போனேன். கடைக்காரர் நீட்டியதை அவர் இடது தோளில் வைத்துக் குறிபார்த்தார்.

"இடதுகைப் பழக்கமா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா" என்றார் இவர், சாதாரணமாக.

கல்யாணமானதிலிருந்து அவர் வலது தோளில் வைத்துத்தான் சுட்டுப் பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போது வலப்பக்கத்துத் தண்ணிச் செம்பை அவர் அடிக்கடி தட்டிவிட்டதும், நான் கத்தியதும் ஞாபகம் வந்தது. வலது கண் போய்விட்டது, என்னிடம் மறைத்திருக்கிறார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில், எப்போதும் வலப்பக்கம் உட்காருகிற நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். செத்த நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"தெரிஞ்சுபோச்சா புள்ள?"

அந்த இடது கண்ணும் போகிறவரை நான் பக்கம் மாறவே இல்லை.