கிரெடிட் கிடையாது என்று எழுதியிருந்த பக்கம்

கனடாவில் நாங்கள் இருக்கும் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் ஆட்களுக்கு ஒரு படிவம் வந்தால், அது முதலில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத்தான் வரும். அரசாங்கக் கந்தோருக்குப் போவது பிறகுதான். குடியுரிமை, மருத்துவ அட்டை, பகலில் பிள்ளையைப் பார்க்கும் கார்டெரியில் இடம், எதுவானாலும் சரி. நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. ஆங்கிலமும் கொஞ்சம் பிரெஞ்சும் பயப்படாமல் கதைப்பேன், அவ்வளவுதான். என் பயமின்மையைச் சனம் அறிவென்று நம்பியது. கொஞ்சக் காலத்தில் நானும் நம்பிவிட்டேன்.

கந்தோரிலேயே நேரே கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அகதி வழக்குக்குத் தீர்ப்பு வரும்வரை வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள். ஏதாவது கேட்கப் போனால் பைலைத் திறப்பார்கள், திறந்தால் எதையாவது கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு பயம் எங்களுக்குள் ஊறிக் கிடக்கிறது. கடவுச்சீட்டுக் கிடைத்த பிறகும் அது போகவில்லை. அதனால் கந்தோரில் கேட்கவேண்டியதை எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்வோம்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெயர்ஹவுஸ் ஒன்றில் நான் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறேன். என் மேசைக்கு எதிரே நின்று ஒட்டுபவள் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஊரில் உயர்தரப் பரீட்சையைக் கணிதப் பிரிவில் நன்றாகச் செய்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, ஒரு பெண் பிள்ளைக்குத் தாயான பிறகு, இங்குள்ள ஆங்கிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணக்கியல் படிக்க இடம் எடுத்திருந்தாள். வேலைக்கும் போய்க்கொண்டு பகுதி நேரமாகத்தான் படிக்க முடியும். இப்போது நான்கு வயதாகும் மகள் பத்தாம் வகுப்புக்குப் போகும்போதுதான் முடிப்பேன் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பில் சிரிப்பே இருக்கவில்லை.

நான் உடனே வாயைத் திறந்தேன். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சாள் ஒருத்தி வீட்டிலிருந்தே படித்து, சில பரீட்சைகளை எழுதி, அந்தப் பாடங்களை முடித்ததாகக் கல்லூரிக் கிரெடிட் வாங்கி, ஒரு வருடப் படிப்பை மிச்சம் பிடித்திருந்தாள். அதை அப்படியே எடுத்து இவளிடம் கொடுத்தேன். ஒரு பரீட்சை பாஸ் பண்ணினால் ஒரு பாடம் கழிந்தது, மூன்று எழுதினால் மூன்று கழிந்தது என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அக்கா, இஞ்சத்தை யூனிவசிற்றி இதை எடுக்குமோ எண்டு ஒருக்காக் கேப்பமோ?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் சொல்லுறன்தானே. சோதினை பாஸ் பண்ணின பிள்ளையை ஆர் வேண்டாமெண்டு சொல்லப்போகினம்?"

நான் அதை உண்மையாகவே நம்பினேன். பெறுபேறு வந்தால் அதற்கு மேல் பேச்சில்லை என்ற இடத்திலிருந்து வந்தவள் நான். ஒரு பல்கலைக்கழகத்தில் எடுத்த புள்ளி இன்னொன்றில் செல்லாமல் போகலாம், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கலாம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. எங்களில் ஓர் அக்காவிடம் ஒரே விடயத்தை இரண்டாம் முறை கேட்டால் முதல் பதிலை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

படித்தாள். பஸ்ஸில் படித்தாள், சாப்பாட்டு இடைவேளையில் படித்தாள். பிழையாக அச்சான லேபல்களைச் சேர்த்துவைத்து அவற்றின் பின்பக்கத்தில் குறிப்பெழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தாள். அவளுடைய கணவர் பிள்ளையைப் பார்ப்பதற்காகத் தன் வேலை நேரத்தை மாற்றினார். பரீட்சை நிலையம் அமெரிக்க எல்லைக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் இருந்தது. புதுக் கனடியக் கடவுச்சீட்டை அவள் முதன்முதல் நீட்டியது அந்தக் கணிதப் பரீட்சைக்குப் போனபோதுதான். பாஸ் பண்ணினாள். எனக்குச் சந்தோஷம், புளுகம் தாங்கவில்லை. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் நாலு பேருக்குக் கேட்கும்படி என் ஆலோசனையைப் பற்றி நானே சொன்னேன். பொருளியலும் பாஸ் பண்ணினாள்.

மிச்சமிருந்தது வணிகச் சட்டம் ஒன்றுதான். எந்தப் பரீட்சைக்கு எந்தப் பாடம் கழியும் என்று அவளுக்கு வடிவாக ஓர் அட்டவணை போட்டுக் கொடுக்க நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணீரும் கையுமாக உட்கார்ந்து மூன்று நிரல்கள் கீறினேன். முதல் நிரலில் பரீட்சையின் பெயர், இரண்டாவதில் அவளுடைய புள்ளி. மூன்றாவது நிரலில் பல்கலைக்கழகப் பாடத்தை எழுதுவதற்காக, அன்றைக்குத்தான், முதல் தடவையாக, அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். வேறு நிறுவனங்களில் எடுத்த கிரெடிட்டுகள் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதன் நடுவில் இப்படியான வெளிப் பரீட்சைகளுக்குக் கிரெடிட் வழங்கப்படமாட்டாது என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. மூன்று தரம் வாசித்தேன். அந்த வரியில் விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது பரீட்சைக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. இது பழைய பக்கமாக இருக்கும், விதிவிலக்கு இருக்கும், படிக்கிற பிள்ளையைக் குழப்பக் கூடாது என்று எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். எல்லாம் சாட்டு. பிறந்தநாள் கொண்டாட்டத்தில் நான் அடித்த பெருமையைத் திருப்பி விழுங்க எனக்கு மனமில்லை. உண்மை அது ஒன்றுதான்.

அன்று பின்னேரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். மேசையில் கிடந்த அட்டவணையைக் கண்டு சந்தோஷப்பட்டு, மடித்துக் கைப்பையில் வைத்தாள். மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தது. சட்டத்துக்கு இந்தப் புத்தகம் காணுமா, இன்னொன்றும் வேண்டுமா என்று கேட்டாள். காணும் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் பல உண்டு. இப்போதும் நினைத்தால் உடம்பு கூசுவது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

வணிகச் சட்டத்திலும் பாஸ் பண்ணினாள். ஆகஸ்ட் மாதம் பெறுபேறுகள் மூன்றையும் லமினேற் செய்து நீலக் கோப்பு ஒன்றில் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்துக்குத் துணையாக வரும்படி என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் முழுவதும் விளங்கும். அதிகாரிகளுக்கு முன்னால்தான் வாய் வராது. மெற்றோவில் எத்தனையோ தரிப்பிடங்கள் வந்து போயின. ஒவ்வொன்றிலும் சொல்லியிருக்கலாம். நான் சுவரில் இருந்த விளம்பரங்களை வாசித்துக்கொண்டு வந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல மரியாதையானவள். பெறுபேறுகளைப் பொறுமையாகப் பார்த்தாள். புள்ளிகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் நாங்கள் இவற்றை ஏற்பதில்லை, அவர் எல்லாப் பாடங்களையும் இங்கேதான் செய்யவேண்டும் என்றாள். பிறகு உண்மையான கவலையோடு, இதை எழுதச் சொல்லி இவருக்கு யார் சொன்னது என்று என்னிடம் கேட்டாள்.

கோப்பு திறந்தபடியே கிடந்தது. பெறுபேறுகளுக்கு அடியில் என் கையெழுத்தில் அந்த அட்டவணை இருந்தது. என் பக்கத்தில் நின்றவள் அதைப் பார்த்தாள். வெறும் நிரலில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்தத் தாளை எடுத்துக் குப்புற வைத்தாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை, நானாத்தான் எழுதினனான் எண்டு சொல்லுங்கோ அக்கா."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல், தடுமாறாமல், என் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். இனிமேல் எதையும் எழுத முன்னர் எங்கள் விதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள், எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். அதையும் அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவளுக்கு அது ஏற்கெனவே விளங்கியிருந்தது. ஆனாலும் தலையை ஆட்டிக் கேட்டாள்.

செப்டம்பரில் வகுப்புத் தொடங்கியது. முதல் பாடம் அவள் ஏற்கெனவே பாஸ் பண்ணிய அதே கணிதம். செவ்வாய்க்கிழமைகளில் அவளுடைய மகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா போல ஓர் ஆள் கிடைக்காது என்று அவள் கணவர் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் பிள்ளைக்குப் பால் கலக்கும் சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன். நடந்ததை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், அந்தப் பக்கத்தை எப்போது பார்த்தேன் என்பதையும் சொல்லவேண்டி வரும்.

போன மாதம், எங்கள் மேசைக்குப் புதிதாக வந்த ஒரு பெண், மகனைக் கல்லூரி மாற்றும் யோசனையில் இருந்தாள். முடித்த பாடங்களைப் புது இடத்தில் எடுப்பார்களா என்று என்னிடம் கேட்டாள். என் வாய் பழைய பழக்கத்தில் திறக்கப் பார்த்தது. அதற்குள் எதிரில் நின்றவள் கையில் இருந்த பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அக்காட்டைக் கேளுங்கோ, அக்காவுக்கு எல்லாம் தெரியும். ஆனா கொலிஜ்ஜிலையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

"ஓம், முதல்லை அங்கை கேளுங்கோ" என்றேன் நான். அவள் அடுத்த பெட்டியை எடுத்து லேபலை நேராக ஒட்டினாள்.