முகவரி தொலைந்த பெயர்கள்

கிரிவலக் கூட்டத்தில் தொலைந்தவர்களைத் தேடித்தரும் சேவைக் குழு ஒன்றுக்கு நான் மென்பொருள் எழுதிக்கொடுத்தேன். அதில் ஒரே ஒரு வரியை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மலையைச் சுற்றி நான்கு கூடாரங்கள். வழி தவறியவர் எங்கே வந்து சேர்ந்தாலும் பெயரைப் பதிவு செய்வார்கள். பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த எங்கள் கூடாரத்தில் கேட்டால், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று திரை சொல்லும். பெயரைத் தேடும் பகுதி யாரோ எப்போதோ சி என்னும் கணினி மொழியில் எழுதியது. திரையை நான் பைத்தான் என்னும் இன்னொரு மொழியில் எழுதினேன். இரண்டும் பேசிக்கொள்ள நடுவே ஒரு பாலம்.

சி, ஒவ்வொரு விடையையும் நினைவகத்தில் புதிதாக ஓர் இடம் பிடித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் முகவரியை மட்டும் தரும். வேலை முடிந்ததும் அதே முகவரியைச் சொல்லி இடத்தை விடுவிக்க வேண்டும். ஆனால், வருவது எழுத்துச்சரம் என்று பாலத்துக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டால், அதுவே பைத்தானுக்கு ஏற்றபடி மாற்றிக் கையில் தந்துவிடும். முகவரியைக் கண்ணில் காட்டாது, அதனால் இடத்தை விடுவிக்கவும் வழியில்லை. வாடகைப் பாத்திரத்துச் சோற்றை நம் தட்டில் கொட்டிவிட்டு, பாத்திரத்தை எங்கே போட்டோம் என்று சொல்லாமல் போவது மாதிரி. நான் சோம்பேறி. எனக்கு அது சுகமாக இருந்தது.

சோதித்த நாட்களில் ஒரு குறையும் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் கணினியை அணைப்போம். தேங்கியதெல்லாம் அதோடு போய்விடும். பௌர்ணமிக்குக் குழுத் தலைவர் கற்பூரம் காட்டித்தான் இயக்கிவைப்பார், திதி முடியும்வரை அணைக்க விடமாட்டார் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

முதல் பௌர்ணமி. மறுநாள் காலை பத்து மணிக்குத் திரை இழுக்க ஆரம்பித்தது. நினைவக அளவைப் பார்த்தேன். ஏறிக்கொண்டே இருந்தது, ஒரு தடவைகூட இறங்கவில்லை. ஒருமுறை அணைத்துப் போடலாமா என்று தலைவரைக் கேட்டேன்.

"கற்பூரம் காட்டி போட்டதுப்பா. பௌர்ணமி முடியட்டும்," என்றார்.

தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். சொல்லக் கூச்சமாக இருந்தது.

சிறிது நேரத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்து நின்றார். கணவருக்கு மறதி ஜாஸ்தியாம். செங்கம் சாலை நெரிசலில் கை விட்டுப்போயிற்றாம். அவருடைய மாத்திரைகள் இவர் பையில் இருந்தன. பெயரைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. மறுபடி தட்டினேன். மூன்றாம் முறை திரை உறைந்தே போனது. மற்ற கூடாரங்களுக்குப் போன் போட்டால், கூட்டத்தில் எதுவும் போகவில்லை. யாரையும் கேட்காமல் அணைத்தேன். பதிவுகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு அது எழுவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று.

எழுந்ததும் நொடியில் விடை வந்தது: செங்கம் சாலைக் கூடாரம். இருவரும் ஓடினோம். நாற்காலி காலி.

"இவ்ளோ நேரம் இங்கதாங்க இருந்தாரு. இப்பதான் எழுந்து போனாரு," என்றார் அங்கிருந்தவர்.

அந்த அம்மா நாற்காலியைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார். "அவர் பேரு உங்க மெஷின்ல இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சும்மா," என்றேன்.

அன்றைக்கே அந்த வரியை எடுத்துவிட்டேன். இப்போது முகவரியை நானே வாங்கி, நானே மாற்றி, இடத்தையும் விடுவிக்கிறேன். மொத்தம் நான்கு வரி. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அந்த அம்மா மாத்திரைப் பையோடு வந்து பெயரைத் தட்டச் சொல்கிறார். தட்டுகிறேன். ஒரே நொடியில், இல்லை என்று வந்துவிடுகிறது.