செங்கல் சூளையில் பெயர் கூப்பிடும் நேரம்

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பட்டறைக்குள் நான் நுழைந்தால், டிப்ளமா படித்தவன்கூட மெஷினை நிறுத்திவிட்டு வணக்கம் வைப்பான். போன மழைக்கு முன்னால், வெள்ளானூர்ப் பக்கம் அடிபட்ட நாய், மாடுகளை வைத்துப் பார்க்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர் என்னைத் தேடி வந்தார்கள். கொட்டகை ஒழுகுகிறதாம். ஆள் அனுப்பி, இரும்புச் சட்டம் அடித்து, தகடு மாட்டி ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். நான் கை வைத்தால் அப்படித்தான். அதில் ஒரு பெண் சந்தோஷத்தில், "சார், புதுசா வந்த நாய்க்கு நீங்களே ஒரு பேர் வைங்க" என்றது. எவனுக்கும் பயப்படாத நான், வேலை இருக்கிறது என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டேன்.

அந்தப் பக்கத்திலேயே, எனக்கு ஒன்பது வயசாக இருந்தபோது, நின்றுபோன செங்கல் சூளை ஒன்று இருந்தது. சுற்றிலும் வேலிக்காத்தான் புதர். மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பவுண்டர் ஒருவர், யாரும் சீந்தாத நாய், கால் ஒடிந்த ஆடு, ஒற்றைக்கொம்பு மாடு என்று அங்கே சேர்த்து வைத்திருந்தார். ஒற்றை ஆளால் ஆகிற காரியமா? பாதி ஜீவன்கள் பட்டினியில் போய்ச் சேர்ந்தன.

அப்பா வேலை பார்த்த கம்பெனியின் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தோம்; அங்கே இருந்த டீச்சரம்மா ஒருத்தர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வரும் வழியில் அதைப் பார்த்துவிட்டு, வீடு வீடாக ஏறிப் பேசினார். ஆண்கள் லீவு நாளில் போய்க் கொட்டகை போட்டார்கள். ஒரு லைன் வீடுகள் கஞ்சி, இன்னொரு லைன் படுக்கக் கோணி, வீட்டுக்கு ஒரு ஜீவன் பொறுப்பு. அவரவர் ஜீவனுக்கு அவரவரே பெயர் வைக்கலாம் என்றதும்தான் வினை வந்தது. ஒருவர் தன் நாய்க்கு மாமியார் பெயரை வைக்க, மாமியார் ஊரிலிருந்து வந்து சேர, கொட்டகைக்காகக் கூடிய கூட்டம் சண்டைக்குக் கூடியது.

"செத்தவங்க பேரா வெச்சுக்குங்கப்பா, அவங்க யாரும் சண்டைக்கு வர மாட்டாங்கோ" என்றார் கம்பவுண்டர்.

விளையாட்டாகச் சொன்னது அப்படியே பிடித்துக்கொண்டது. அப்பன் பேரைச் சொல்லி ஒரு பிடி சோறு போடுவது நம் ஜனங்களுக்குப் புதுசா என்ன? அதுவரை தண்ணியாக வந்த கஞ்சி கெட்டியானது. செத்துப்போன அப்பனுக்கு யாராலும் அளவு குறைக்க முடியவில்லை.

பொழுது சாய்கிற நேரம் கம்பவுண்டர் சூளை மேட்டில் ஏறி நின்று, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் கூப்பிடுவார். "முனுசாமி... ராஜம்மா... அந்தோணி... சின்னப்பொண்ணு..." ஒவ்வொரு பெயருக்கும் புதரில் எங்கேயோ ஒரு அசைவு. முதலில் கண் தெரியும், பிறகு உடம்பு. குரைப்பு இல்லை, கத்தல் இல்லை. வந்து வரிசையாக நிற்கும். செத்துப்போன ராஜம்மாவின் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

எங்கள் வீட்டுப் பொறுப்பை அத்தை ஏற்றுக்கொண்டாள். அப்பாவின் தங்கை. மாமா வடக்கே வேலைக்கென்று ரயில் ஏறி ஆறு வருஷமாகியிருந்தது. கடுதாசி இல்லை, ஆளும் இல்லை. அத்தை தினமும் காலையில் குங்குமம் மட்டும் தவறாமல் வைத்துக்கொள்வாள். புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டால் என்னை முன்னால் தள்ளுவாள், நான் சொல்வேன். அந்த வயசிலேயே எனக்குக் கணீரென்ற குரல்.

எங்களுக்கு வந்தது காது கிழிந்த ஒரு வெள்ளை நாய். "இன்னா பேரும்மா?" என்றார் கம்பவுண்டர். செத்துப்போன தாத்தா பெயரைத்தான் சொல்வாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னைத் தள்ளவில்லை. தானே வாயைத் திறந்து மாமா பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரை இங்கே எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. சூளையில் கூப்பிடுவது எல்லாம் செத்தவர்கள் பெயர் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் பார்த்தேன்: அத்தை கண்ணாடி முன்னால் நின்று குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மாமா உயிரோடு இருந்தார், சூளையில் செத்திருந்தார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாய் ஒரு கூப்பாட்டுக்கு வராது. இரண்டாவதற்கும் வராது. மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் புதரை விட்டு வெளியே வரும். வந்து அத்தையைப் பார்க்காது; குந்தியிருக்கும் எனக்குப் பின்னால் வந்து நின்று என் கழுத்தில் மூச்சு விடும். ஒருநாள் சோறு தின்னும்போது அப்பா ஏதோ பேச்சில், "அந்த ஆளு மூணு தபா கூப்டாத்தான் திரும்பியே பாப்பான்" என்று மாமாவைப் பற்றிச் சொன்னார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் மற்ற எல்லாப் பெயரும் கூப்பிட்டாகிவிட்டது, எல்லாம் வந்துவிட்டன. மாமா பெயரை மூன்று முறை கூப்பிட்டார் கம்பவுண்டர். புதர் அசையவில்லை. அத்தை குடையைக் கீழே போட்டுவிட்டு மேட்டில் ஏறினாள். அவள் கூப்பிட்ட கூப்பாடு ஏரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அப்போது கஞ்சி நக்கிக்கொண்டிருந்த முனுசாமியும் ராஜம்மாவும் அந்தோணியும், மொத்த வரிசையும், தலையைத் தூக்கிச் சூளையின் வாயையே பார்த்தன. ஒன்றுகூட அசையவில்லை.

கம்பவுண்டர் டார்ச்சோடு உள்ளே போய் வந்தார். "போய்டுச்சும்மா. காயம் கூட இல்ல."

"நல்லாப் பாத்தியாண்ணா? அதானே?"

"காது கிழிஞ்சி கீதேம்மா, வேற எது?"

அத்தை குனிந்து தானே உள்ளே போனாள். அவள் வெளியே வருவதற்குள் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. குழி தோண்டியதும் முதல் பிடி மண் அவள்தான் போட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் உள்ளே நுழையவில்லை. பின்பக்கக் குழாயடியில், கொட்டுகிற மழையில், குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள். நெற்றியைத் துடைத்தாள். அம்மா பார்த்துவிட்டு ஓவென்று கத்த, அப்பா ஓடி வந்தார்.

"இன்னா காரியம் பண்ணிட்டு நிக்கிற நீ? நாளைக்கு அந்த ஆளு உசுரோட வந்து நின்னா?"

"வரட்டும்ணா. நான் பாத்துட்டேன்."

"நாயைப் பாத்துட்டு வந்து பேசுறியே, உனக்கு புத்தி கீதா?"

அத்தை உள்ளே போனாள். வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "அண்ணி, பசிக்குது" என்றாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அம்மா அழுதுகொண்டே சோறு போட்டாள்.

பாதிச் சோற்றில் வெளிக்கேட்டுக் கொண்டி தட்டும் சத்தம் கேட்டது. ஒருமுறை. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. மூன்றாவது முறை. ஆறு வருஷமாக அந்தக் கொண்டி எப்போது சத்தம் போட்டாலும் முதலில் எழுந்து ஓடுகிறவள் அத்தைதான், கையில் சோறு ஒட்டியிருந்தாலும் சரி. நாங்கள் மூன்று பேரும் அவளையே பார்த்தோம். அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரசம் ஊற்றச் சொல்லி அம்மாவிடம் தட்டை நீட்டினாள்.

அப்பா போகவில்லை. நான்தான் போனேன். கேட்டில் யாரும் இல்லை. காற்றும் மழையும்தான். கொண்டியை இறுக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்து, அத்தையின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அங்கே யார் நிற்பார்களோ என்று பயந்துதான், என்னைப் போலவே பயந்துதான், அவளும் எழுந்திருக்கவில்லை என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.