தாம்பூலப் பையில் போன நாவல்

தஞ்சாவூரில் ஆய்வு மாணவனாக விடுதியில் இருந்தபோது ஒரு நாவல் எழுதி நானே அச்சிட்டேன். முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பதிப்பகங்கள் பதில் போடவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன்.

கதை என் அக்காவுடையது. நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து துபாய்க்குக் கொத்தனார் வேலைக்குப் போன அத்தான் ஓராண்டு கடிதம் போட்டார், பிறகு ஒன்றுமில்லை. அனுப்பிவைத்த ஏஜெண்டும் ஊரை விட்டுப் போய்விட்டான். அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

"எழுதிக்கோ. ஆனா கடைசியில அவரை வர வச்சுடாதே. பாக்குறவங்க எல்லாம் வருவாரு வருவாருன்னுதான் சொல்றாங்க. நீயும் அதையே சொல்லாதே" என்றாள்.

சரி என்றேன். அவர் வரவில்லை என்றுதான் நாவல் முடிந்தது.

புத்தகம் வந்ததும் ஒரே ஆர்வம் என்னைப் பிடித்துக்கொண்டது: இதை யார் எடுப்பார்கள்? பேருந்து நிலையக் கடையில் சில பிரதிகளை வைத்துவிட்டு எதிரே டீக்கடையில் நின்று பார்ப்பேன். ஒருவர் கையில் எடுப்பார், பின்னட்டையைப் படிப்பார், வார இதழை வாங்கிக்கொண்டு போவார். பின்னட்டையில் எதைத் தேடினார் என்று ஓடிப்போய்க் கேட்கத் தோன்றும். விடுதியில் கேட்டால், "தலைக்கு வச்சுப் படுத்தேன்டா, அருமையான தூக்கம்" என்றான் அறை நண்பன்.

மீதிப் பிரதிகளின் அச்சுத்தாள் கட்டுகள் தைக்கப்படாமல் அச்சகத்திலேயே கிடந்தன. ஒருநாள் அங்கே மகளின் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்க்க வந்த நெல் மில்காரர் அவற்றைப் பார்த்தார். எங்கள் ஊர் நெல் அவர் மில்லுக்குத்தான் போகும்.

"தாம்பூலப் பையில தேங்காயோட புத்தகமும் குடுக்குறதுதான் இப்ப ஃபேஷனாம். எல்லாத்தையும் எடுத்துக்குறேன். கதை எப்படி முடியுது தம்பி?"

"துபாய் போனவர் திரும்பி வரலைங்க."

"அய்யய்யோ! எம் மாப்பிள்ளையே துபாய்ல இருக்காரு. சம்பந்தி என்னை மணவறையிலேயே வச்சு அடிப்பாரு. வர வச்சுடுங்க. உங்க பேனாதானே, விமான டிக்கெட்டா எடுக்கப்போறீங்க?"

அச்சகக்கார பாய் சிரித்தார். "கடைசிப் பதினாறு பக்கத்தை மட்டும் மாத்தி அடிச்சாப் போதும் தம்பி. சாயங்காலத்துக்குள்ள எழுதிடுவீங்களா?"

எழுதிவிட்டேன். அக்காவின் முகம் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று தள்ளிவிட்டேன். புது முடிவில் அவர் பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்கினார். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள், தண்ணீர் கொடுத்தாள். முற்றும்.

கல்யாணத்தன்று பந்தல் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஓர் அம்மாள் என் நாவலால் விசிறிக்கொண்டார். ஊர் திரும்ப வாசலில் நின்ற பேருந்தில் ஏறி உட்கார்ந்த பலர் பையிலிருந்து எடுத்துப் புரட்டினார்கள். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவர்கள் இத்தனை பேரா என்று எனக்கு வியப்பு. அவர்களில் எங்கள் ஊர்ப் பெண்களும் இருந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பைப்படியில கேக்குறாளுங்க, 'உம் புருஷன் வந்துட்டாராமே, எங்களுக்கு ஒரு சென்ட் பாட்டில் கிடையாதா?'ன்னு. உன் புத்தகத்தையும் கையில குடுத்தாளுங்க. படிச்சேன்."

அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கவா? அவரு வந்து இறங்குறாரு. இத்தனை வருஷம் எங்க இருந்தீங்கன்னு அவ கேக்கவே இல்லையே, ஏன்டா?"

"பக்கம் தீந்துபோச்சுக்கா."

உண்மைதான். பதினாறு பக்கம் நிறைந்துவிட்டது. அக்கா முறத்தை எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு அத்தானைப் பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை.

அந்தக் கேள்வியை எழுதிச் சேர்க்கப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி ஒரு வரிதான். அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று இந்த வயதிலும் யோசிக்கிறேன். அக்காவும் அது தெரியாமலேதான் போய்ச் சேர்ந்தாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.