மேரியின் கை நிற்காத வாரம்

பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் நான் லைன் லீடராக இருந்தபோது, செக்கிங் மேசையில் மேரி இருந்தார். லென்ஸ் விளக்கின் கீழே சர்க்யூட் போர்டு ஒவ்வொன்றாக வரும். நல்லதைத் தள்ளிவிட வேண்டும். கெட்டதை ரிஜெக்ட் தட்டில் போட வேண்டும். நாள் முழுக்க அதேதான். கழுத்து வலிக்கும், கண் எரியும்.

கெப்பாசிட்டர் என்ற சிறு பாகத்தைத் தலைகீழாகப் பொருத்திய போர்டு வந்தால் மேரி விடமாட்டார். இவ்வளவு வேகத்தில் எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியல அக்கா. கை தானா நின்னுரும். அப்புறம்தான் என்னன்னு பாப்பேன்."

பிறகு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்தது. பாகங்களைப் பற்றவைக்கும் ஈயமான சோல்டர் வழிந்து, பக்கத்துக் கம்பிக் கால்களோடு ஒட்டியிருக்கிறதாம். மேனேஜர் பிரகாஷ் லைனுக்கே வந்து, இனி சோல்டரை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். நாளுக்கு இத்தனை போர்டு என்ற டார்கெட்டைக் குறைக்கவில்லை. மேரி சொன்னபடி செய்தார். சோல்டர் கோளாறு ஒன்றுகூட வெளியே போகவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெட்டி திரும்பி வந்தது. பல போர்டுகளில் கெப்பாசிட்டர் தலைகீழ். எல்லாம் மேரி பாஸ் செய்தவை.

அவருடைய கான்ட்ராக்ட் முடியும் நேரம் அது. தூங்கியிருப்பார், புதுப்பிக்க வேண்டாம் என்றார் பிரகாஷ். கேமரா பதிவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மேரியையும் அழைத்து மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். மேரி தூங்கவில்லை. கண் போர்டின் மேலேயே இருந்தது. தலைகீழ் போர்டுகள் வந்தபோது கைதான் நிற்கவில்லை. புகாருக்கு முந்தைய பதிவையும் போடச் சொன்னேன். அதில் தலைகீழ் போர்டு வந்ததும் கை சட்டென்று நின்றது.

பிரகாஷ் பதிவை நிறுத்தினார். "சோல்டர் மட்டும்னு நான்தானே லா சொன்னேன்" என்றார். கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார்.

மேரிக்கு அது போதவில்லை. பேக்கிங்குக்கு மாற்றிவிடச் சொன்னார்.

"கண்ணு முன்னாலதான் இருந்துச்சு அக்கா. எனக்குத் தெரியவே இல்ல. இனிமே இந்தக் கண்ண எப்படி நம்புறது?"

அவர் கேட்டபடியே மாற்றிவிட்டேன்.

இப்போது லைன் லீடராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதைப் பார் என்று நாம் சொல்லும்போது, மற்றதை விட்டுவிடு என்றும் மூளை கேட்டுக்கொள்கிறது. விட்டது அந்த ஆளுக்கே தெரியாது. புதுப் புகார் வந்தால் அதற்கென்று தனியாக இன்னொரு சுற்றுப் பார்க்க நேரம் கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். பிறகு நான் கேட்டபோது எனக்கும் தரவில்லை. இருந்தாலும் கேளுங்கள்.